கமிஷன் சதவீதமா, லீடு செலவா? அமெரிக்காவில் தனி ஆயுள் காப்பீட்டு முகவராக இறங்குபவர்கள் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் ஆயுள் காப்பீட்டு உரிமம் கைக்கு வந்ததும் உங்கள் போனுக்கு ஓய்வு இருக்காது. "எங்களிடம் வாருங்கள், 110 சதவீதம் தருகிறோம்" என்பார் ஒருவர். "எங்களிடம் 70தான், ஆனால் லீடு முழுக்க இலவசம்" என்பார் அடுத்தவர். (லீடு என்பது காப்பீட்டில் ஆர்வம் காட்டிய ஒருவரின் விவரம்.) மூன்றாமவர் எண் எதுவும் சொல்லாமல் ஜூம் கூட்டத்துக்கு லிங்க் மட்டும் அனுப்புவார். புதிதாக வருபவர்களில் பலர் பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் 'இலவசம்' என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் பத்து வரி எழுதிப் பார்த்தால் இந்த இரண்டில் எது உங்களுக்கு லாபம் என்பது தெரிந்துவிடும். அந்தப் பத்து வரிதான் இங்கே.

அதற்கு முன் விசா பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம்மவர்கள் பலர் இதில் சிக்குகிறார்கள். எச்-1பி விசாவில் இருப்பவர் தன் மனுவில் உள்ள நிறுவனத்தில் மட்டுமே வேலை செய்யலாம். பக்கத் தொழிலாக கமிஷன் சம்பாதிக்க அதில் இடமில்லை. "மனைவி பெயரில் போட்டுக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று கூட்டங்களில் சொல்வார்கள். எச்-4 விசாவில் இருப்பவரிடம் இ.ஏ.டி. எனும் வேலை அனுமதி அட்டை இருந்து, அவரே உரிமம் எடுத்து, அவரே வேலையும் பார்த்தால்தான் அது சரி. பெயர் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது என்றால் ஆளைச் சேர்த்துவிட்டவர் பிறகு உங்கள் குடியேற்ற வழக்கறிஞருக்குப் பணம் கட்டப் போவதில்லை.

முதல் படி: அந்தச் சதவீதம் எதன் மேல் என்று கேளுங்கள்

நூறைத் தாண்டிய கமிஷனா என்று திகைக்க வேண்டாம். இது பாலிசியின் முதல் ஆண்டு பிரீமியத்தின் மேல் வரும் சதவீதம். பாலிசி பல ஆண்டுகள் ஓடும் என்ற கணக்கில் காப்பீட்டு நிறுவனம் முதல் ஆண்டுப் பணத்தை விற்பனைக்கே செலவழிக்கிறது. நிறுவனம் கொடுக்கும் மொத்தம் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. உச்சியில் ஐ.எம்.ஓ. எனப்படும் சந்தைப்படுத்தும் அமைப்பு, அதன் கீழே ஏஜென்சி, அதன் கீழே உங்களைச் சேர்த்தவர், கடைசியில் நீங்கள். மொத்தம் 130 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கான்ட்ராக்ட் லெவல், அதாவது உங்களுக்கென்று ஒதுக்கிய சதவீதம், 70 என்றால் மீதி 60 சதவீதம் உங்களுக்கு மேலே இருப்பவர்களுக்குப் போகிறது. 'இலவச' லீடுக்கான பணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

சொல்லப்படும் எண் அநேகமாக அந்த ஏஜென்சி விற்கும் பாலிசிகளில் அதிகபட்ச கமிஷன் உள்ள ஒன்றுக்கானது. அதே கான்ட்ராக்டில் டெர்ம் பாலிசிக்கு ஓர் எண், வயதானவர்கள் இறுதிச் சடங்குச் செலவுக்காக எடுக்கும் பாலிசிக்கு ஓர் எண், உடல்நலக் கேள்வியே இல்லாமல் தரப்படும் பாலிசிக்கு இன்னும் குறைந்த எண் இருக்கும். வயது கூடும்போது கமிஷன் குறையும் திட்டங்களும் உண்டு. இண்டெக்ஸ்டு யுனிவர்சல் லைஃப் (பங்குச் சந்தைக் குறியீட்டை ஒட்டிச் சேமிப்பு வளரும் ஆயுள் பாலிசி) போன்றவற்றில் 'டார்கெட் பிரீமியம்' என்ற அளவு வரைதான் முழு கமிஷன். அதற்கு மேல் வாடிக்கையாளர் கட்டும் பணத்துக்கு மிகச் சிறிய சதவீதமே வரும். பிரீமியத்துக்குள் ஒளிந்திருக்கும் பாலிசி கட்டணத்துக்குப் பல நிறுவனங்கள் கமிஷனே தருவதில்லை.

எனவே வாய்மொழி வேண்டாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு திட்டத்துக்குமான கமிஷன் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிறார்களா, பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நியூயார்க்கில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அந்த மாநிலச் சட்டம் ஆயுள் காப்பீட்டில் முகவருக்கான முதல் ஆண்டு கமிஷனுக்கு 55 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மற்ற மாநிலக்காரர்கள் பேசும் 110, 120 எல்லாம் அங்கே செல்லாது.

இரண்டாம் படி: லீடின் விலை வேறு, ஒரு விற்பனைக்கான லீடு செலவு வேறு

லீடு என்பது காப்பீடு பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவதாகச் சொன்ன ஒருவரின் விவரம். வீட்டுக்கு வந்த அஞ்சலட்டையை நிரப்பி அனுப்பியவர், பேஸ்புக் விளம்பரத்தில் படிவம் நிரப்பியவர், அழைப்பு மையம் பேசி நேரடியாக உங்கள் லைனுக்கு மாற்றிவிடும் ஆள், பல மாதங்களுக்கு முன் கேட்டுவிட்டு மறந்துபோனவர் என்று பல வகை. உங்களுக்கு மட்டும் விற்கப்பட்டதா, நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் விற்கப்பட்டதா என்பதைப் பொறுத்து மதிப்பு அடியோடு மாறும்.

ஒரு லீடு 35 டாலர் என்று கேட்டவுடன் விலை அதிகம், 3 டாலர் என்றவுடன் மலிவு என்று நினைக்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு பாலிசி விற்க எத்தனை லீடு தேவைப்படுகிறது? எட்டு லீடுக்கு ஒரு விற்பனை என்றால் ஒரு விற்பனைக்கான லீடு செலவு 280 டாலர். இந்த 280தான் கமிஷனோடு ஒப்பிட வேண்டிய எண்.

மூன்றாம் படி: இரண்டு வாய்ப்புகளையும் ஒரே காகிதத்தில் எழுதுங்கள்

இங்கே வரும் எண்களெல்லாம் எடுத்துக்காட்டு. உங்கள் எண்களை வைத்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சராசரி பாலிசி மாதம் 60 டாலர், ஆண்டுக்கு 720 டாலர் என்று கொள்வோம்.

அ: 70 சதவீதம், லீடு இலவசம். ஒரு பாலிசிக்கு 504 டாலர்.

ஆ: 110 சதவீதம், லீடு உங்கள் செலவு. ஒரு பாலிசிக்கு 792 டாலர். அதில் லீடுக்கு 280 போனால் மிச்சம் 512.

எட்டு டாலர்தான் வித்தியாசம். 40 சதவீதப் புள்ளிகள் கூடுதல் என்று துள்ளிக் குதித்ததற்கு ஒரு காபிக் காசு மிஞ்சுகிறது. இங்கிருந்து எண்களை ஆட்டிப் பாருங்கள். பத்து லீடுக்கு ஒன்றுதான் விற்க முடிகிறது என்றால் லீடு செலவு 350 ஆகி, மிச்சம் 442க்கு இறங்குகிறது, அ-வே மேல். ஐந்துக்கு ஒன்று விற்கும் கைத்திறன் இருந்தால் லீடு செலவு 175, மிச்சம் 617. இப்போது ஆ தெளிவாக முந்துகிறது.

சுருக்கமான வாய்ப்பாடு: இரண்டு லெவலுக்கும் உள்ள வித்தியாசத்தை சராசரி ஆண்டு பிரீமியத்தால் பெருக்குங்கள். இங்கே 40 சதவீதம் × 720 = 288. ஒரு விற்பனைக்கான லீடு செலவு இதற்குக் கீழே இருந்தால் உயர்ந்த லெவல், மேலே இருந்தால் இலவச லீடு. அதே முகவர் ஆண்டுக்கு 1,200 டாலர் சராசரி உள்ள பாலிசிகளை விற்றால் எல்லைக்கோடு 480க்கு உயர்ந்துவிடும். பெரிய பாலிசி விற்பவர்கள் லீடு விலையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாததற்கு இதுதான் காரணம்.

இரண்டுக்கும் நடுவே உள்ள வாய்ப்பை யாரும் சத்தமாக விளம்பரம் செய்வதில்லை. 90 சதவீதம், லீடு பாதிக்கும் குறைந்த விலையில், அதாவது 15 டாலருக்கு என்று ஓர் ஏஜென்சி சொன்னால்? கமிஷன் 648, எட்டு லீடுக்கு 120, மிச்சம் 528. மேலே சொன்ன இரண்டையும் இது முந்துகிறது. புதியவர்களுக்கு எனக்குப் பிடித்தது இந்த வகைதான்.

நான்காம் படி: லேப்ஸ் ஆகும் பாலிசிகளைக் கணக்கில் சேருங்கள்

பலர் தோற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக கமிஷனை முன்பணமாகத் தருகின்றன. ஒன்பது மாத அட்வான்ஸ், அதாவது முதல் ஆண்டு கமிஷனில் 75 சதவீதம் என்பது பரவலான ஏற்பாடு. மீதி பத்தாவது மாதத்திலிருந்து வரும். ஆறு மாத அட்வான்ஸும் உண்டு. வாடிக்கையாளர் கட்டக் கட்ட மாதந்தோறும் வாங்கிக்கொள்ளும் முறையும் உண்டு.

ஆ வகை கான்ட்ராக்டில் 60 டாலர் பாலிசி ஒன்றை விற்கிறீர்கள். மொத்த கமிஷன் 792. கையில் வரும் அட்வான்ஸ் 594. மாதத்துக்கு 66 டாலர் வீதம் அதை நீங்கள் 'சம்பாதித்து' முடிக்க வேண்டும். வாடிக்கையாளர் மூன்று மாதம் கட்டிவிட்டு நிறுத்திவிட்டார். சம்பாதித்தது 198. மீதி 396 டாலரை நிறுவனம் சார்ஜ்பேக் என்று திரும்பப் பிடித்துக்கொள்ளும். லீடு விற்றவர் உங்கள் 280ஐத் திருப்பித் தருவாரா? மாட்டார். ஆக, பாலிசி விற்றும் 82 டாலர் நஷ்டம். இதே பாலிசி அ வகையில் லேப்ஸ் ஆகியிருந்தால் சம்பாதித்த 126 டாலராவது உங்களிடம் நிற்கும்.

இதைப் பத்து பாலிசிக்கு நீட்டுவோம். பத்தில் இரண்டு பாலிசிகள் மூன்றே மாதத்தில் நின்றுவிடுகின்றன. அ-வில் எட்டு பாலிசிக்கு 4,032, நின்ற இரண்டுக்கும் 252, மொத்தம் 4,284. ஆ-வில் எட்டுக்கு 6,336, இரண்டுக்கு 396, ஆக 6,732. லீடு செலவு 2,800 போனால் 3,932. லேப்ஸ் இல்லாதவரை ஆ பத்து பாலிசிக்கு 80 டாலர் முன்னே இருந்தது. இரண்டு லேப்ஸ் வந்ததும் 352 டாலர் பின்னே போய்விட்டது. நடுவாந்தர வாய்ப்பு இப்போதும் 4,308 காட்டுகிறது.

லேப்ஸ் தலைவிதி அல்ல, பெரும்பகுதி விற்கும் விதத்தில் இருக்கிறது. மாதம் 60 தாங்காதவரிடம் 60க்கு எழுதாமல் 35க்கு எழுதுவது, ஓய்வூதியப் பணம் கணக்கில் விழும் தேதிக்கே பிரீமியம் எடுக்கச் சொல்வது, ஏற்கெனவே வேறு பாலிசி உள்ளதா என்று விசாரிப்பது, முதல் தவணை எடுக்கப்படும் முன் ஒரு போன் போடுவது, இவையெல்லாம் சார்ஜ்பேக்கைக் குறைக்கும் வேலைகள். சிறிய பாலிசி நிற்கும், பெரிய பாலிசி பறக்கும் என்றால் சிறியதே அதிகக் காசு.

சார்ஜ்பேக் கடனைக் கட்டாமல் இன்னொரு நிறுவனத்துக்குத் தாவலாம் என்று யோசிக்க வேண்டாம். வெக்டர் ஒன் என்ற தரவுத்தளத்தில் அப்படிப்பட்ட பாக்கிகள் பதிவாகும்; புது கான்ட்ராக்ட் தருமுன் நிறுவனங்கள் அதைப் பார்க்கின்றன. முதல் ஆண்டில் 75 சதவீத அட்வான்ஸ் வேண்டாம், ஆறு மாதம் போதும் என்று நீங்களாகவே கேட்டுக்கொள்வது கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை.

ஐந்தாம் படி: கையிருப்பு எவ்வளவு என்று நேர்மையாகப் பாருங்கள்

வாரம் 20 லீடு, ஒவ்வொன்றும் 35 டாலர் என்றால் வாரத்துக்கு 700. விண்ணப்பம் எழுதி, நிறுவனம் ஒப்புக்கொண்டு, முதல் பிரீமியம் எடுத்து, கமிஷன் உங்கள் வங்கிக்கு வருவதற்குள் நாலு வாரம் ஓடிவிட்டால் 2,800 டாலர் வெளியே போயிருக்கும். இது வீட்டு வாடகைப் பணமாக இருக்கக் கூடாது.

அப்புறம், அதிர்ஷ்டம் என்ற ஒன்றும் இருக்கிறது. எட்டுக்கு ஒன்று விற்கும் ஆள் எட்டு லீடு வாங்கினால் ஒன்று விற்றே தீரும் என்பதில்லை. கணிதப்படி, எட்டு லீடிலும் ஒன்றுகூட விற்காமல் போக ஏறக்குறைய 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 20 லீடு வாங்கியும் சுழியம் வர 7 சதவீதம். பத்துப் பதினைந்து லீடை வைத்து "இந்த வெண்டர் மோசம்" என்றோ "எனக்கு இந்தத் தொழில் வராது" என்றோ முடிவு கட்டுவது அவசரம். ஒரே வகையில் 50 லீடாவது வாங்கி வேலை செய்த பிறகுதான் உங்கள் விகிதம் என்ன என்று ஓரளவு சொல்ல முடியும். அந்த 50 லீடுக்கு 1,750 டாலர் வைக்க முடியாது என்றால் இப்போதைக்கு அ அல்லது நடுவாந்தர வாய்ப்பே உங்களுக்கானது. இலவச லீடில் கற்றுக்கொள்ளும் காலத்தின் நஷ்டத்தை ஏஜென்சி தாங்குகிறது. குறைந்த லெவலுக்கு நீங்கள் கொடுக்கும் விலையில் அந்தப் படிப்புக் கட்டணமும் அடங்கும்.

நேரத்துக்கும் ஒரு விலை போடுங்கள். 3 டாலர் பழைய லீடில் அறுபதுக்கு ஒன்று விற்றால் லீடு செலவு 180தான். ஆனால் அறுபது பேரையும் திரும்பத் திரும்ப அழைக்க 25 மணி நேரம் ஆகிறது, உங்கள் மணிக்கு 20 டாலர் என்றால் உண்மைச் செலவு 680. 35 டாலர் லீடில் எட்டுக்கு ஆறு மணி நேரம் போதுமென்றால் 400. பகுதி நேரமாகச் செய்பவர்கள் மலிவு லீடில் மூழ்கிப்போவது இப்படித்தான்.

ஆறாம் படி: 'இலவசம்' என்பதன் நிபந்தனைகள்

இலவச லீடு தரும் இடத்தில் இவற்றைக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை லீடு என்று எழுத்தில் உண்டா? புதிய லீடு முதலில் யாருக்குப் போகிறது? பல இடங்களில் அதிகம் விற்பவர்கள் தொட்டுவிட்டு வைத்த லீடுதான் புதியவருக்கு வரும். விலகினால் அந்த வாடிக்கையாளர்களைத் தொடர்புகொள்ளலாமா? இரண்டாம் ஆண்டு முதல் வரும் புதுப்பிப்பு கமிஷன் உங்களுக்கே உரியதா, விலகியதும் நின்றுவிடுமா? சொந்தமாகக் கண்டுபிடித்த வாடிக்கையாளருக்கும் அதே 70தானா? கடைசிக் கேள்விக்கு "இல்லை, அதற்கு 95" என்று சொல்லும் ஏஜென்சிகள் உண்டு. கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில் ஜூம் லிங்க் அனுப்பிய மூன்றாமவரிடம் வருவோம். குறைந்த லெவலில் சேர்த்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரிந்த நூறு பேரின் பட்டியலை எழுதுங்கள்" என்பார்கள். தமிழ்ச் சங்க நண்பர்கள், அலுவலக நண்பர்கள், குழந்தையின் நடன வகுப்பில் பழகிய பெற்றோர் எல்லோரும் அந்தப் பட்டியலில் வந்துவிடுவார்கள். இந்த லீடுகளுக்கு நீங்கள் பைசா கொடுக்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. அப்படியானால் 504க்கும் 792க்கும் இடையே உள்ள 288 எதற்காக மேலே போகிறது? பயிற்சிக்காக என்றால் அந்தப் பயிற்சி அவ்வளவு பெறுமா என்று பாருங்கள். கமிஷனும் குறைவு, லீடும் இல்லை என்ற ஏற்பாடு காகிதத்தில் எந்த விதத்திலும் ஜெயிப்பதில்லை. தெரிந்தவர்களிடமே விற்கப் போகிறவர் உயர்ந்த லெவலைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஏழாம் படி: சட்டச் செலவும் லீடு செலவுதான்

1991ஆம் ஆண்டின் டி.சி.பி.ஏ. என்ற தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விதிமீறிய ஒரு அழைப்புக்கு 500 டாலர், தெரிந்தே செய்ததென்றால் 1,500 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். வழக்கு வந்தால் "வெண்டர் கொடுத்த எண்தான்" என்பது காப்பாற்றாது, அழைத்தது நீங்கள். வாங்கும் லீடுக்கு ஒப்புதல் ஆதாரம் உண்டா, அந்த ஒப்புதலைப் பதிவு செய்யும் டிரஸ்டெட்ஃபார்ம் அல்லது ஜோர்னயா சேவையின் சான்று தருவார்களா என்று கேளுங்கள். தேசிய 'டு நாட் கால்' (அழைக்க வேண்டாம் என்று பதிந்தவர்கள்) பட்டியலோடு 31 நாளுக்கு ஒருமுறையாவது ஒப்பிட்டாக வேண்டும். ஐந்து ஏரியா கோடு வரை அந்தப் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். அழைக்கும் நேரம் எதிர்முனையில் இருப்பவரின் கடிகாரப்படி காலை 8 முதல் இரவு 9 வரை. நியூ ஜெர்சியில் உட்கார்ந்து காலை 9 மணிக்கு கலிபோர்னியாவை அழைத்தால் அங்கே காலை 6 மணி.

வரி பற்றிச் சுருக்கமாக: உங்களுக்கு வருவது 1099 வருமானம், அதாவது வரி பிடிக்காமல் கைக்கு வரும் சுயதொழில் வருமானம். லீடு, லைசென்ஸ், இ அண்ட் ஓ காப்பீடு (தொழிலில் நேரும் தவறுகளுக்கான காப்பீடு) எல்லாவற்றையும் ஷெட்யூல் சி என்ற வரிப் படிவத்தில் செலவாகக் காட்டலாம், எனவே ரசீதுகளைத் தனிக் கோப்பில் வையுங்கள். மிச்ச லாபத்தின் மேல் வருமான வரி தவிர 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. காலாண்டுதோறும் முன்வரி கட்ட வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: பதிவு வைத்து, மறுபடி பேரம் பேசுங்கள்

ஒரு எக்செல் தாள் போதும். லீடு வந்த தேதி, வெண்டர், விலை, பேசினாரா, சந்திப்பு நடந்ததா, விற்றதா, ஆண்டு பிரீமியம், நான்காம் மாதம் பாலிசி உயிரோடு இருக்கிறதா. இந்த எட்டுப் பத்தியை நிரப்பி வந்தால் சில மாதங்களில் மேலே நான் கற்பனையாக வைத்த எல்லா எண்ணுக்கும் உங்கள் சொந்த எண் கிடைத்துவிடும். விகிதம் ஐந்துக்கு ஒன்றை நெருங்கி, லேப்ஸும் குறைவு என்று தெரிந்தால் தாளை எடுத்துக்கொண்டு அப்லைனிடம், அதாவது உங்களுக்கு மேலே இருப்பவரிடம் போய் லெவலை உயர்த்தச் சொல்லுங்கள். நிற்கும் பாலிசி எழுதும் ஆளை இழக்க எந்த ஏஜென்சியும் விரும்பாது.

அவர் மறுத்தால் வெளியேறும் வழி திறந்திருக்க வேண்டும், அதைச் சேரும் நாளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஐ.எம்.ஓ.விலிருந்து இன்னொன்றுக்கு அதே காப்பீட்டு நிறுவனத்தின் கான்ட்ராக்டை மாற்ற 'ரிலீஸ்' கடிதம் தேவைப்படும். அது கிடைக்காவிட்டால் பல நிறுவனங்கள் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லும். "கேட்டால் எப்போது வேண்டுமானாலும் ரிலீஸ் தருவோம்" என்று வாயால் சொல்பவரிடம் அதையே இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சல் வந்த பிறகு கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடலாம்.